வெள்ளைக் காரின் குழம்பு மீன்

எங்கள் வீட்டுக்குக் கார் வருவதற்கு ஒரு வருடம் முன்பே, அதை எங்கே நிறுத்துவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையின் மதில் ஓரம். எங்கள் தெரு முழுக்க மணல், சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மதிலோரம் தரை கெட்டி, பிற்பகலில் நிழலும் விழும். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கார் ஏற்கெனவே அங்கே நிற்பதைப் போல அம்மா சற்று ஒதுங்கி நடப்பாள். கிண்டல் செய்துகொண்டே நானும் ஒதுங்கி நடக்கப் பழகிவிட்டேன். இல்லாத காருக்கு வழிவிட்டு நடந்த அந்த வருடத்தை இப்போது நினைத்தால், பாதித் தூக்கத்தில் கழித்தது மாதிரி இருக்கிறது.

"ராத்திரில யாராவது கண்ணாடிய ஒடச்சிட்டா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"உள்ள படுத்துக்கினு இருக்கறவங்க பாத்துப்பாங்க. அவுங்களுக்கு வேற இன்னா வேல?" என்றாள்.

அம்மா ஏரிக்கரையில் இறாலும் நண்டும் ஏலம் எடுத்து, பஸ்ஸில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்பவள். நைனா, அதாவது என் அப்பா, ஏரியில் இறங்கி இறால் தடவுகிறவர். தண்ணீருக்குள் குந்தி, அடிச் சேற்றைக் கைகளால் துழாவி, ஒவ்வொன்றாகப் பிடிப்பார். நாள் முழுக்கத் தண்ணீரோடு இருப்பதாலோ என்னவோ, கரைக்கு வந்தால் பேச்சு குறைவு. கார் யோசனையை அம்மா முதலில் சொன்னபோது, "தண்ணியில ஓடுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஓட வேண்டியது பொன்னேரி வரைக்கும்தான். அதுவே பெரும்பாடாக இருந்தது. மீன் கூடையைப் பார்த்தால் சில பஸ்கள் நிற்காது. நின்றாலும் பின் படிக்கட்டோரம்தான் இடம். யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டால் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். ஒரு நாள் அப்படிப் பாதி வழியில், இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை, அதற்கடுத்ததும் நிற்கவில்லை. ஐஸ் உருகிக் கூடை ஒழுகியது. உச்சி வெயிலில், கெட்டுப்போன இறால் முழுவதையும் வாய்க்காலில் கொட்டிவிட்டு அம்மா வீட்டுக்கு நடந்து வந்தாள். அதில் பாதி நைனா தடவிப் பிடித்தது. மறுநாள் எழுந்ததும், சீட்டு எடுத்துக் கார் வாங்கப் போகிறேன் என்றாள். கூட விற்கும் இரண்டு பெண்கள் பங்கு போட ஒத்துக்கொண்டார்கள். சொகுசுக்கு ஆசைப்பட்டு அவள் கார் கேட்கவில்லை. இனி ஒருத்தரும் தன்னை நடுவழியில் இறங்கச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் அப்போது பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாரோ நகலெடுக்கக் கொடுத்த தாளில் கார் ஏலம் என்று போட்டிருந்தது. தவணை கட்டாதவர்களிடமிருந்து பிடித்துவந்த வண்டிகளை ஒரு கடன் கம்பெனி நெடுஞ்சாலைப் பக்கம் மைதானத்தில் வைத்து விற்கிறதாம். அம்மாவிடம் சொன்னேன். ஏலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏலத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

எங்கள் கரையில் ஏலம் விடிகாலையில் நடக்கும். சின்ன வயதில் அம்மா என்னையும் கூட்டிப்போய் வலைக் குவியல் மேல் படுக்க வைத்துவிடுவாள். ஈர வலையின் வாசனையும் ஏலம் கூறுகிறவரின் குரலும் சேர்ந்து என்னை மறுபடி தூங்க வைக்கும். விலை ஒவ்வொரு படியாக மேலே ஏறும், பனிக்குள் எங்கேயோ நிற்கும், திரும்ப ஏறும். டச்சுக்காரர்கள் இங்கே துணிக்கட்டுகள் வாங்கிக் கப்பலில் ஏற்றிய காலத்திலும் இதே பனியில் யாரோ ஒருவர் இப்படிக் கூவியிருப்பார் என்று அரைத் தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன். கனவில் நீளச் சட்டைக்காரர்கள் வந்து அம்மாவோடு நண்டுக்குப் போட்டி போடுவார்கள். அம்மாதான் ஜெயிப்பாள்.

ஏலம் எவ்வளவு சூடாக நடந்தாலும் ஒரு வழக்கம் மட்டும் மாறாது. விலை படிந்ததும், மீன் கைமாறுவதற்கு முன்னால், வலைக்குச் சொந்தக்காரர் குனிந்து தன் வீட்டுக் குழம்புக்கு ஒரு கை மீன் எடுத்துக்கொள்வார். எதை எடுத்தாலும் வாங்கினவர் முகம் சுளிக்கக் கூடாது. வலைக்காரர் எடுக்காமல் கூடையைத் தூக்கினால் அந்தக் காசு வீட்டில் தங்காது என்பது அம்மாவின் கட்சி. கூச்சப்பட்டு நிற்கிறவரைக்கூட அவளே கூப்பிட்டு, "கொழம்புக்கு எடுத்துக்கப்பா" என்பாள். இந்த வழக்கம் உலகத்தில் எல்லா ஏலத்துக்கும் பொது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஏலத்தன்று நாங்கள் இரண்டு பேரும் மைதானத்துக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கார்கள் தூசி படிந்து நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் யாருடைய வாழ்க்கையோ பாதியில் விட்ட மாதிரி கிடந்தது. ஒன்றில் ஒற்றைச் செருப்பு. ஒன்றில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. அந்த வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது, தூங்குகிறவர்களின் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. ஒரு வெள்ளைக் காரின் முன்மூடியைத் தூக்கச் சொல்லி, மீனின் செவுளைப் பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். சீட்டைத் தட்டினாள்.

"இதான்," என்றாள்.

"எப்டிமா சொல்ற?"

"ஒருத்தன் இத தெனம் தொடச்சி வெச்சிருக்கான். தூசிக்குக் கீழ பாரு."

விரலால் தூசியைத் தள்ளிப் பார்த்தேன். கீழே பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. பின்பக்க பம்பர் மட்டும் நெளிந்திருந்தது.

ஏலம் தொடங்கியதும் வேறு கூத்து. அங்கே விலை கேட்க வேண்டுமென்றால் எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அம்மா கரையில் விலை கேட்பது புருவத்தால். மைக் பிடித்தவர் எவ்வளவு கூவினாலும் அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அந்த மனிதர் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் புருவத்தை நான் பார்ப்பதும், அட்டையை நான் தூக்குவதுமாக வேலையைப் பிரித்துக்கொண்டோம். பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் எங்களோடு விடாமல் போட்டி போட்டார். அம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் ஒரு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார், அம்மாவின் புருவம் ஏறியது, மேசையைத் தட்டிவிட்டார்கள். கார் எங்களுடையதாகிவிட்டது.

பணம் கட்டினோம். சாவியை என் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மா மட்டும் கவுண்டரை விட்டு நகரவில்லை.

"வலைக்காரன் எங்க?" என்று கேட்டாள்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா?"

"இந்த வண்டிக்காரன். அவன் வந்து கொழம்புக்கு எடுத்துக்கினா நாங்க கெளம்பிடுவோம்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. முடிந்தவரை சொல்லி விளங்க வைத்தேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "வண்டி கம்பெனியோடதும்மா. நீங்க பணம் கட்டிட்டீங்க, எடுத்துட்டுப் போங்க," என்றார் அவர்.

"கம்பெனியா ஓட்டிச்சி?" என்றாள் அம்மா.

வாயிலில் நின்ற காவலாளிதான் மெல்லச் சொன்னார், ஏலத்தன்று வண்டியைப் பறிகொடுத்தவர்கள் சிலர் எதிரே டீக்கடையில் வந்து நிற்பார்கள் என்று. அம்மா விறுவிறுவென்று ரோட்டுக்குப் போனாள். கரையில் கூப்பிடுகிற அதே குரலில், "வெள்ளக் காரு, பின்னாடி பம்பரு நெளிஞ்சது, யாருதுப்பா?" என்று ஒரு சத்தம் போட்டாள். லாரி ஓட்டிப் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

துவைத்துத் தேய்த்த நீலச் சட்டையில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். காட்டூர்க்காரர், அந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவர் என்று பிறகு தெரிந்தது.

"ஒன்னுதா தம்பி?"

"என்னுதா இருந்துச்சிம்மா."

"நாந்தான் எடுத்துட்டேன். அதுல ஒனக்கு இன்னா வேணுமோ எடுத்துக்க. எங்க கரையில அப்டித்தான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குழம்பு மீன் கதையை நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போதே பயம். பேட்டரியைக் கேட்டால் என்ன செய்வது, சக்கரத்தைக் கழற்றிக்கொள்கிறேன் என்றால்? எங்கள் அம்மா கொடுத்தாலும் கொடுத்துவிடுவாள். அவர் காரைச் சுற்றி ஒரு நடை வந்தார். கூரையின் மேல் கையை வைத்தார்.

"ஒரு தபா ஓட்டிக்கிறேம்மா. ஒங்க வூடு வரைக்கும். அது போதும்," என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பங்கு போட்ட இரண்டு பெண்களின் வீட்டிலும் தெரியாது. நிறுத்தும் இடம் பார்த்தோம், கூடைக்குக் கீழே விரிக்க ஷீட் வாங்கினோம், டிரைவரை மறந்தே போனோம். எங்கள் ஊரில் படகு வாங்குகிறவரிடம் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்த நினைப்பிலேயே காரையும் வாங்கிவிட்டோம். அம்மா சிரித்த சிரிப்பில் அந்த மனிதரும் சிரித்துவிட்டார்.

கார் கிளம்பியது. அம்மா பின் சீட்டின் விளிம்பில், பஸ்ஸில் உட்காரக் கிடைத்தால் உட்காருவது போல, பாதி உடம்போடு உட்கார்ந்தாள். நெடுஞ்சாலை முடிந்து மரங்கள் வரத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். அவர் ஓட்டியது ஓட்டுவதாகவே தெரியவில்லை. பள்ளங்கள் எங்களுக்கு முன்னால் ஒதுங்கிக்கொண்டன. வெயில் சாய்ந்து வயல் தண்ணீரில் படுத்திருந்தது. அந்தச் சாலை முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

பொன்னேரி தாண்டி, பழவேற்காட்டுச் சாலையில் போக வேண்டிய கார் காட்டூர்ப் பக்கம் திரும்பியது. என் கனவு அத்தோடு கலைந்தது.

"எங்க போறீங்க?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஒரு நிமிஷம்மா. எங்க தெருவ ஒரு சுத்து சுத்திட்டு..."

"யாரக் கேட்டுத் திருப்பினீங்க?"

"கம்முனு இருடி," என்றாள் அம்மா கண்ணைத் திறக்காமலே.

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. மூன்று வீட்டுக் காசு அவர் கையில் போய்க்கொண்டிருந்தது. அம்மா என்னவோ காற்று வாங்குகிறாள்.

நிறுத்துவதாக அவருக்கும் எண்ணமில்லை போலிருந்தது. ஆனால் தெருக் குழாயடியில் நின்ற ஒரு சின்னப் பெண் இஞ்சின் சத்தம் கேட்டதுமே குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவர் பிரேக்கை மிதித்தார். அவள் முன்கதவைத் திறந்து, ஈரக் காலோடு ஏறி, தன் இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"ரிப்பேர் சரியாய்ட்டுதா நைனா?"

வண்டி மெக்கானிக் கடையில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அந்தக் கண்களைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"ஆய்ட்டுது பாப்பா. நாங்க சவாரி. பழவேற்காடு போறோம், நீயும் வர்றியா?"

அவள் வந்தாள். வழி நெடுக எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து விருந்து உபசாரம் செய்தாள். கண்ணாடியை எப்படி இறக்குவது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டாள், உண்மையிலும் அவளுக்குத் தெரியாது. ஏரி தெரியத் தொடங்கியது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத நேரம். தூரத்தில் நடந்து போகிறவர்கள் வெறும் ஆகாயத்தில் நடப்பதாகத் தெரிந்தார்கள்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "மீன் வாசன வருதே ஆயா."

அம்மா மெல்ல நிமிர்ந்து, திரும்பச் சீட்டின் விளிம்புக்கு வந்தாள். "ஆமா பாப்பா. நாந்தான். மீன் விக்கிறவ."

"எங்க வண்டில பரவால்ல. நல்லா சாஞ்சி உக்காருங்க," என்றாள் அவள்.

அம்மா சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தது அபூர்வம். அன்று பார்த்தேன்.

கல்லறை மதிலோரம் கார் நின்றது. அம்மா இறங்கி, இடுப்புப் பையை அவிழ்த்து, "எவ்ளோ ஆச்சி தம்பி?" என்றாள். அவர் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தார். அம்மா விட்டாளா? "இன்னாது, அவ்ளோவா? போன தபா கொறச்சலாத்தான குடுத்தேன்? சரி, வண்டி நல்லாருக்கு, ஓட்றதும் நல்லாருக்கு, வெச்சிக்க," என்று இரண்டு பேர் பேரத்தையும் தானே பேசி முடித்து, நோட்டுகளை அவர் கையில் திணித்தாள். பேரம் பேசாத சவாரியை அந்தப் பெண் நம்பமாட்டாள் என்று அம்மாவுக்குத் தெரியும். பிறகு குனிந்து சொன்னாள், "காலைல மொத பஸ்ஸுக்கு முன்னாடி வந்துடு தம்பி. பொன்னேரிக்குச் சவாரி இருக்கு."

சாவி அவரிடமே இருந்தது. கார் திரும்பிப் போயிற்று. ஒரு வருடமாக நாங்கள் ஒதுங்கி நடந்த இடத்தில் நாங்களே நின்றுகொண்டிருந்தோம்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெயர்கூடக் கேட்கவில்லை, வீடு எந்தத் தெரு என்று பார்த்துவைக்கவில்லை, மற்ற இருவருக்கும் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் கத்தினேன். அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள். வீட்டில் நைனா, "காரு எங்க?" என்று கேட்டார். "வரும்," என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு தலையாட்டினார். அந்த வீட்டில் கவலைப்படுவதற்கு என்னை மட்டும்தான் பெற்றிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிகாலையில் கூடைகளோடு மதிலோரம் நின்றோம். பங்கு போட்ட பெண்கள் இருவரும் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பஸ் வந்தது. என்றைக்கும் இல்லாமல் அன்றைக்கென்று பார்த்து, கை காட்டாமலே எங்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் கூடைகளைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இருவரில் ஒருத்தி கூடையைத் தூக்கிவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கை ஆட்டினாள். அதன் பின்விளக்கு பனியில் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அம்மாவின் உதடும் காய்ந்திருந்தது.

வெகுநேரம் கழித்து என்றுதான் தோன்றியது, பொன்னேரிச் சாலையிலிருந்து இரண்டு வெளிச்சங்கள் வந்தன.

அவர் தனியாக வந்திருந்தார். காரைக் கழுவியிருந்தார். இறங்கி, சாவியை அம்மாவின் கையில் வைத்தார்.

"பாப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேம்மா. வண்டி இனிமே அவுங்களுதுன்னு."

"அழுதுச்சா?"

"கொஞ்ச நேரம்." அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். அம்மா கொடுத்த அதே நோட்டுகள், மடிப்புகூடக் கலையவில்லை. "அவுங்க வண்டில அவுங்ககிட்டயே வாடக வாங்கினு வந்தியா நைனா, மொதல்ல திருப்பிக் குடுத்துட்டு வான்னு அனுப்பிச்சிம்மா."

அம்மா வாங்கமாட்டாள், எப்படியும் அவர் பையிலேயே திணித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஒற்றி, இடுப்புப் பையில் பத்திரமாக முடிந்தாள். சாவியைத் திரும்ப அவரிடம் நீட்டினாள்.

"போணி ஆய்ட்டுது," என்றாள். "வண்டிய எடு தம்பி."